முத்துப்பேட்டைக்கு எந்தப் பைனாகுலர்? வேட்டைத் துப்பாக்கி சொல்லும் விடை!

கார்த்திகை, மார்கழி, தை. இந்த மூன்று மாதமும் முத்துப்பேட்டைக் காயலில் பறவைகளின் திருவிழா. வடக்கே பனி கொட்டுகிறது. ஏரிகள் உறைகின்றன. அங்கே இரை கிடைக்காத பறவைகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து இங்கே வருகின்றன. ஊசிவால் வாத்து வரும். கிளுவை வரும். உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வரும். நம் ஊர் நாரையும், கொக்கும், கூழைக்கடாவும் அவற்றோடு சேர்ந்து கொள்ளும்.

இதைப் பார்க்க ஜனங்கள் குடும்பத்தோடு ஜாம்பவானோடையில் படகு ஏறுகிறார்கள். கோரையாற்றின் வழியே படகு போகிறது. இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து ஈட்டி முனைகள் போலச் சுவாச வேர்கள் நீட்டிக் கொண்டு நிற்கின்றன. திடீரென்று காடு விலகுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்! அதுதான் காயல்.

தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. "அதோ பாருங்க, பறவை!" என்கிறார் படகுக்காரர். உடனே எல்லோருடைய கையும் பைனாகுலரைத் தேடுகிறது.

இங்கேதான் ஏமாற்றம்.

"அப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியலே! எல்லாம் ஆடுது!" என்கிறான் பையன். அப்பா வாங்கிப் பார்க்கிறார். வானம் தெரிகிறது. தண்ணீர் தெரிகிறது. பறவையை மட்டும் காணோம். அகப்பட்டாலும் அடுத்த நொடி நழுவி விடுகிறது. அம்மா கைக்கு வருவதற்குள் படகு திரும்பி விடுகிறது.

பைனாகுலர் உடைந்ததா? இல்லை. புத்தம் புதியது. அதன் மேல் '20 × 50' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. "இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் சார்!" என்று கடைக்காரர் சொன்னார். அதற்காகவே வாங்கினார்கள். வந்த வினையே அந்த இருபதுதான்!

ஆடுகிற இடத்தில், அவசரமாகப் பார்க்க வேண்டிய இடத்தில், பெரிய கண்ணாடி உதவாது. சின்னக் கண்ணாடிதான் உதவும். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பறவை பார்க்கிறவர்கள் அல்ல. துப்பாக்கி தூக்கிய வேட்டைக்காரர்கள்! அவர்கள் கற்ற பாடத்தைக் கொஞ்சம் கேட்டால், கடையில் ஏமாற வேண்டியதில்லை.

லீவர் துப்பாக்கி

அமெரிக்காவில் 'லீவர் துப்பாக்கி' என்று ஒரு வகை உண்டு. சினிமாவில் குதிரை வீரர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். விசைக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். சுட்டவுடன் அந்த வளையத்தைக் கீழே தள்ளி, மறுபடி மேலே இழுக்க வேண்டும். கீழே தள்ளும்போது காலித் தோட்டா வெளியே விழும். மேலே இழுக்கும்போது புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த குண்டு தயார்!

வின்செஸ்டர் கம்பெனி 1894-ம் ஆண்டு செய்த லீவர் துப்பாக்கி ஒன்று உலகப் புகழ் பெற்றது. அந்த ஒரு மாதிரி மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. மெல்லிய உடல். எடை குறைவு. நடுவில் பிடித்தால் தராசு முள் போலச் சமமாக நிற்கும். ஒரே கையில் தூக்கிக் கொண்டு காட்டில் நாள் முழுதும் நடக்கலாம்.

இதன் தம்பி ஒன்று தமிழ்நாட்டுக் காட்டுக்கும் வந்தது.

ஜவளகிரிப் புலி

கென்னத் ஆண்டர்சன் என்ற பெயரை வேட்டைக் கதைப் பிரியர்கள் அறிவார்கள். பெங்களூரில் வாழ்ந்தவர். 1910-ல் பிறந்து 1974-ல் காலமானார். அந்தக் காலச் சேலம் ஜில்லாவின் ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர். 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் வேட்டைப் புத்தகத்திலேயே ஜவளகிரிப் பெண் புலியின் கதை இருக்கிறது.

அவர் கையில் இருந்தது 1895-ம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். '405' என்ற பெரிய தோட்டா போடும் லீவர் துப்பாக்கி. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவி முடிந்து 1909-ல் ஆப்பிரிக்கா வேட்டைக்குப் போனபோது கொண்டு போனதும் இதே ரகம்தான்.

அவ்வளவு பெரிய வேட்டைக்காரர்! அவருடைய துப்பாக்கியில் தொலைநோக்கி உண்டா? கிடையாது. இரவில் பரண் மீது உட்காரும்போது குழலோடு ஒரு டார்ச் விளக்கைப் பொருத்திக் கொள்வார். அவ்வளவுதான். விளக்கு வெளிச்சத்தில் குழல் முனையில் உள்ள குறியைப் பார்த்துச் சுட வேண்டும்.

ஏன் அப்படி? நம் காடு அடர்ந்த காடு. மூங்கிலும் முள்ளும் மண்டிய இடத்தில் முப்பது கஜத்துக்கு அப்பால் என்ன தெரியும்? புலி பாய்கிறது என்றால் கண்ணாடியில் தேடிக் கொண்டிருக்க நேரம் ஏது? அந்த நேரத்தில் பெரிய தொலைநோக்கி மாட்டியிருந்தால், புலியின் உடம்பில் ஒரு சாண் மஞ்சள் தோல் மட்டும் தெரியும். அது தலையா, வாலா என்று கண்டுபிடிப்பதற்குள் கதை முடிந்து விடும். வேட்டைக்காரன் கதை!

தலைக்கு நேராகத் தோட்டா!

இன்னொரு காரணமும் இருந்தது. பழைய வின்செஸ்டர் லீவர் துப்பாக்கிகள் காலித் தோட்டாவை மேல் பக்கமாக எறியும். துப்பாக்கியின் முதுகில் தொலைநோக்கியைப் பொருத்தினால், எகிறி வரும் தோட்டா அதன் மேலேயே மோதும். ஆகவே கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளி மாட்ட வேண்டும். அது கோணல் வேலை. 1982-ல்தான் அந்தக் கம்பெனி தோட்டாவைச் சாய்வாக எறியும்படி 1894 மாதிரியை மாற்றி அமைத்தது. போட்டிக் கம்பெனியான மார்லின் 1889-லேயே பக்கவாட்டில் எறியும் துப்பாக்கியைச் செய்து விட்டது. அதனால் மார்லின் முதுகில் கண்ணாடி சௌகரியமாக உட்கார்ந்தது.

சரி, மாட்டலாம் என்று ஆகிவிட்டது. எந்தக் கண்ணாடியை மாட்டுவது?

முதலில் மோகம் பெரிய கண்ணாடி மேல்தான். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே துப்பாக்கிக்குத் தொலைநோக்கி வந்து விட்டது. குழல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாயும் நீளம்! எடை தனி. ஒரே இடத்தில் படுத்துச் சுடுகிறவனுக்கு அது சரி. காட்டில் நடக்கிறவனுக்கு?

1930-ம் ஆண்டு பில் வீவர் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு சின்னக் கண்ணாடி செய்தார். மெலிந்த குழாய். சுமார் மூன்று மடங்குதான் பெரிதாக்கும். மாட்டும் கொக்கியோடு சேர்த்து விலை 19 டாலர். பணக்காரர் சொத்தாக இருந்த துப்பாக்கித் தொலைநோக்கியைச் சாதாரண ஆள் கைக்குக் கொண்டு வந்தது அந்த எளிய கண்ணாடிதான். மடங்கைக் கூட்டிக் காட்டி அவர் பெயர் வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

40 அடி பெரிதா? 13 அடி பெரிதா?

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம். சின்னக் கணக்குத்தான்.

இரண்டரை மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால், 100 கஜ தூரத்தில் சுமார் 40 அடி அகலம் கண்ணில் படும். நாலு மடங்குக் கண்ணாடியில் சுமார் 30 அடி. ஒன்பது மடங்குக் கண்ணாடியில் சுமார் 13 அடிதான்! மடங்கு ஏற ஏற வட்டம் சுருங்குகிறது. பூட்டிய கதவின் சாவித் துவாரம் வழியே வீதியைப் பார்ப்பது போல.

லீவர் துப்பாக்கி பெரும்பாலும் 150 கஜத்துக்கு உட்பட்ட வேட்டைக்கே பயன்படும். புதருக்குள் மான் ஓடுகிறது. 13 அடி வட்டத்துக்குள் அதைப் பிடிக்க முடியுமா? 40 அடி வட்டத்தில் பிடிக்கலாம். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டரை அல்லது நாலு மடங்கோடு நிறுத்திக் கொண்டார்கள்.

மடங்கை மாற்றும் திருகு வைத்த கண்ணாடியும் உண்டு. ஆனால் உள்ளே பாகங்கள் அதிகம். எடை அதிகம். ஒரே மடங்கில் நிற்கும் கண்ணாடியில் கெட்டுப் போக இடம் குறைவு.

முன்கண்ணாடி சிறியதாக இருப்பதில் மற்றொரு லாபம். குழாய் நேராக இருக்கும். துப்பாக்கியை ஒட்டித் தாழ்வாக உட்காரும். கட்டையில் கன்னம் பதித்தால் கண் நேரே குறிக்குப் போகும். முன்கண்ணாடி பெரியதானால் குழாயை உயர்த்தி மாட்ட வேண்டும். கன்னம் அந்தரத்தில் நிற்கும்.

கடைசியாக ஒரு விஷயம். வேட்டைக்காரர்கள் நெற்றியில் ரத்தம் சிந்திக் கற்றது இது. சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். கண்ணாடி முகத்துக்கு அருகில் இருந்தால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்து விடும். ஆகவே கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும். அந்தத் தூரத்திலும் படம் முழுதாகத் தெரிய வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிற வாசகர்கள் இந்த இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பைனாகுலருக்கு வரும்போது உங்களுக்கு இது வேண்டும்.

துப்பாக்கி போயிற்று, கண்ணாடி நின்றது

தஞ்சை வயல்களிலும் ஒரு காலத்தில் வேட்டை உண்டு. அறுவடை முடிந்த ஈர வயலில் உள்ளான் சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்கு. அதற்குத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. குண்டுத் துப்பாக்கியும் இல்லை. ஒரே சமயத்தில் பல ரவைகள் சிதறும் துப்பாக்கி. படபடவென்று கோணல்மாணலாகப் பறக்கும் உள்ளானை அப்படித்தான் அடிக்க முடியும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அது இன்னும் இறுகியது. இன்று பொழுதுபோக்குக்காக வனவிலங்கையோ பறவையையோ வேட்டையாட இந்தியாவில் யாருக்கும் உரிமை இல்லை. சாதாரண மீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சரணாலயத்துக்குள் என்றால் தண்டனை இன்னும் கடுமை.

வேட்டைத் துப்பாக்கியிலிருந்து பைனாகுலருக்கு மாறியவர்களில் மிகப் பெரியவர் சலீம் அலி. 1896-ல் பம்பாயில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, மாமா கொடுத்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு. சாதாரணக் குருவிக்கு அது கிடையாதே! 'இது என்ன குருவி?' என்று கேட்கப் போனவர், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படி ஏறினார். பிறகு வாழ்நாள் முழுதும் பறவைகளை விட்டு இறங்கவே இல்லை. முத்துப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள கோடிக்கரையும் அவருக்கு மிகவும் வேண்டிய இடம். அங்கே 1967-ல் சரணாலயம் ஏற்பட்டது. அவருடைய சங்கத்தார் அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டு, அவை எங்கிருந்து வருகின்றன என்று கண்டறிந்தார்கள்.

எட்டுக்கு முப்பது

இனிக் கடைக்குப் போகலாம்.

பைனாகுலர் மேல் இரண்டு எண் இருக்கும். 8 × 30 என்றால், முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது எண், முன்கண்ணாடியின் அகலம். அதாவது 30 மில்லிமீட்டர்.

எட்டு மடங்கு என்றால் என்ன? 800 அடி தூரத்தில் நிற்கும் நாரை, 100 அடி தூரத்தில் நிற்பது போலத் தெரியும். முத்துப்பேட்டைக் காயலுக்கு இது தாராளம்.

மடங்கு பறவையை மட்டுமா பெரிதாக்கும்? உங்கள் கை நடுக்கத்தையும் பெரிதாக்கும்! படகு ஆட்டத்தையும் பெரிதாக்கும்! இருபது மடங்கில் கையின் சிறு நடுக்கம்கூடப் பூகம்பமாகிவிடும். கையில் பிடித்துப் பார்க்கப் பத்து மடங்குதான் எல்லை. படகில் என்றால் ஏழு அல்லது எட்டு.

வட்டத்தின் கணக்கும் துப்பாக்கிக் கணக்கேதான். நல்ல 8 × 30 கண்ணாடியில் 1000 கஜ தூரத்தில் சுமார் 400 அடி அகலம் தெரியும். 20 × 50-ல் சுமார் 160 அடி. பறக்கிற கிளுவைக் கூட்டம் எதில் அகப்படும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு வகுத்தல் கணக்கு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுக்க வேண்டும். 30-ஐ 8-ஆல் வகுத்தால் 3.75. உங்கள் கண்ணுக்குள் வந்து விழும் ஒளி வட்டம் இத்தனை மில்லிமீட்டர் அகலம். பகலில் நம் கண்மணித் துவாரம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். அதற்கு 3.75 போதும், மிச்சமும் உண்டு. 20 × 50-க்கு வகுத்தால் இரண்டரைதான் வரும். அந்தி நேரம் கண்மணி அகலத் திறக்கும்போது அது போதாது. படம் மங்கி விடும். முத்துப்பேட்டைக்குப் பக்கத்திலேயே உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் காட்சி சாயங்காலம்தான். வெளிச்சம் குறையக் குறையக் கூட்டம் கூடும். அங்கே இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

அப்படியானால் 7 × 50 வாங்கலாமா? ஒளி வட்டம் ஏழு மில்லிமீட்டருக்கு மேல். இரவில் கப்பல்காரர்கள் விரும்புவது அதைத்தான். ஆனால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனக்கும். பத்து வயதுப் பிள்ளை கழுத்தில் ஒரு கிலோவைத் தொங்க விட்டால் அரை மணியில் கழற்றிப் போட்டு விடும். 8 × 30 சுமார் அரைக் கிலோ. சட்டைப் பையில் அடங்கும் 8 × 25 இன்னும் லேசு. ஆனால் அந்தியில் கொஞ்சம் மங்கல். தோள்பையில் இடம் இருந்தால் 8 × 42 வாங்கலாம். படம் பளிச்சென்று இருக்கும், எடை கூடும். வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் 8 × 30 அல்லது 8 × 32 போதும். விலையும் சில ஆயிரம் ரூபாயோடு நிற்கும்.

'10 முதல் 30 மடங்கு வரை' என்று திருகு வைத்து விற்பதைத் தொடாதீர்கள். மலிவு விலையில் அது உருப்படியாக வருவதில்லை. கண்ணாடிக்கு ரத்தினச் சிவப்பு நிறம் பூசி மினுக்குவதும் வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பி விடும். பார்க்கிற பறவை பச்சையடித்துத் தெரியும். பூநாரையின் இளஞ்சிவப்பைப் பார்க்கப் போகிறவர் சிவப்பையே கொல்லும் கண்ணாடியை வாங்கலாமா?

கடையிலேயே சோதியுங்கள்

கடை வாசலுக்கு வாருங்கள். பைனாகுலரைக் கை நீட்டும் தூரத்தில், வானத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண் வைக்கிற பக்கத்தில் இரண்டு ஒளி வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டு, சதுரம் போலச் சாம்பல் பூத்துத் தெரிந்தால், உள்ளே இருக்கும் பட்டகக் கண்ணாடி மட்டம்.

(பட்டகம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு குவிகண்ணாடி வைத்த தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்துவது பட்டகம். போரோ என்ற இத்தாலியர் 1854-ல் இந்த உபாயத்தைச் செய்தார். ஒளியை மடக்கி மடக்கி அனுப்புவதால் நீளக் குழாயும் குட்டையாகி விடுகிறது. ஜெர்மனியின் ஜைஸ் கம்பெனி 1894-ல் அந்த ரகத்தைக் கடைக்குக் கொண்டு வந்தது.)

அடுத்து, தூரத்து மின்சாரக் கம்பத்தைப் பாருங்கள். கம்பி இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு நிமிஷத்தில் கண் இழுத்து வலித்தாலோ, இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொடுத்து விடுங்கள். வீட்டில் சரிசெய்கிற கோளாறு அல்ல இது.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்க வேண்டும். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை மடக்கிக் கொண்டு பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரிகிறதா? தெரிந்தால் வாங்கலாம். நெற்றி கிழிந்த வேட்டைக்காரனின் மூன்று அங்குலம் இங்கே வேண்டாம். முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்தாலும் போதும்.

முதலில் பறவை, பிறகு கண்ணாடி

வாங்கியவர்களில் பலர் கண்ணுக்குச் சரிப்படுத்தத் தெரியாமலே வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு குழாயையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை சரி செய்யுங்கள். பிறகு வலது கண்ணை மூடுங்கள். இடது கண்ணால் பார்த்து, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இப்போது இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்தால் போதும். அப்புறம் நடுச் சக்கரம் ஒன்றே வேலை செய்யும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் வளையம் நிற்கும் இடம் வேறாக இருக்கும். அப்பாவுக்குச் சரியாக இருப்பது பாட்டிக்குச் சரியாக இராது.

பறவையைத் தேடுவது எப்படி? கண்ணாடியால் தேடக் கூடாது. வெறுங்கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காதீர்கள். தலையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். பறவை வட்டத்துக்குள் இருக்கும். துப்பாக்கிக்காரனும் இப்படித்தான் செய்வான். படகில் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக் கொள்ளுங்கள். ஆட்டம் பாதியாகக் குறையும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சூரியனைப் பைனாகுலரால் பார்க்கவே கூடாது. உதய சூரியன், அஸ்தமன சூரியன் எதுவானாலும் கூடாது. கண் பார்வை ஒரேயடியாகப் போய்விடும். சிறு பிள்ளைகள் கையில் கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள்.

காயலில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். காய்ந்த உப்பு மணல் போன்றது. அப்படியே துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உப்பைக் கரைத்து எடுத்த பிறகே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடிக்கும். உள்ளே பூஞ்சைக் காளான் படரும். மருந்துப் பாட்டில்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் அவற்றோடு பைனாகுலரை வைக்கலாம்.

படகு எங்கே நிற்க வேண்டும்?

நல்ல கண்ணாடி இல்லாதவர் என்ன சொல்கிறார்? "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்கிறார். படகு கிட்டப் போகிறது. பறவைக் கூட்டம் எழுந்து விடுகிறது. "அடடா, என்ன அழகு!" என்று கைதட்டுகிறார்கள்.

பறவைக்கு அது அழகல்ல. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை இங்கே இரை தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். பங்குனிக்குள் அதே தூரம் திரும்பப் பறக்க வேண்டும். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அது தின்ற நேரம் வீண். சேர்த்த கொழுப்பும் செலவு. ஒரு நாளைக்கு எத்தனை படகு! வலை வைத்துப் பிடிக்கிற திருடனைச் சட்டம் பிடிக்கலாம். ஆசையாகப் பார்க்க வந்த குடும்பத்தை யார் பிடிப்பது?

முத்துப்பேட்டைக் காடு பட்ட அடி கொஞ்சமல்ல. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தது. அலையாத்தி மரங்கள் இலை கருகி, கிளை முறிந்து நின்றன. கோடிக்கரையோடு சேர்த்து இந்தக் காயலும் 2002-ல் உலகப் புகழ் பெற்ற ராம்சார் சதுப்பு நிலப் பட்டியலில் ஏறியது. உதயமார்த்தாண்டபுரமும் வடுவூர் ஏரியும் 2022-ல் அதே பட்டியலில் சேர்ந்தன. ஒரு வட்டாரத்தில் இத்தனை இடம்! பெருமைதான். ஆனால் பட்டியலில் ஏறியதால் மட்டும் பறவை வந்து விடாது. வந்த பறவையை எழுப்பாமல் பார்க்கத் தெரிய வேண்டும்.

எட்டு மடங்குக் கண்ணாடி இருந்தால் படகை 200 கஜத்தில் நிறுத்தலாம். நாரை 25 கஜத்தில் நிற்பது போலத் தெரியும். அது சேற்றில் நத்தையைக் கொத்தி எடுப்பதையும், குஞ்சு வாய் திறப்பதையும் சாவகாசமாகப் பார்க்கலாம். பறவைக்கு நீங்கள் வந்ததே தெரியாது.

வனத்துறையார் குளிர்காலத்தில் நீர்ப்பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் நடக்கும் இந்தக் கணக்கில் தன்னார்வலர்களும் சேர்ந்து கொள்ளலாம். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள் பலர் சேருகிறார்கள். பறவை பெயர் நாற்பது, ஐம்பது தெரிந்தால் நல்லது. தெரியாதவர்களை அனுபவஸ்தர்கள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கொண்டு வர வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், கழுத்தில் ஒரு சின்ன பைனாகுலர். விருப்பம் உள்ளவர்கள் மார்கழி பிறக்கும்போதே அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து வைத்துக் கொள்வது நல்லது.